வீட்டு ஆட்கள் மட்டும்

மலைச்சரிவில் இருக்கும் மனிசாலெஸ் ஊரில் 'மாட்டேன்' என்ற சொல்லை யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்ல மாட்டார்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் 'கண்டிப்பா வர்றோம்' என்பார்கள், வர மாட்டார்கள். வழி கேட்டால், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதாவது ஒரு மேட்டைக் கைகாட்டி விடுவார்கள். கேட்டவர் மூச்சு வாங்க ஏறிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் இறங்கி வருவார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதரிடம் 'இன்றைக்குச் சாக உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்டு, அவர் சொல்கிற 'ஆமாம்' என்பதை நம்பி ஊசி போடுவது டாக்டர் லிகியாவின் வேலை.

வேலை முழுக்க அதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. குணமாகாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் டாக்டர் அவள். வலி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், படுக்கைப்புண், கூடத்தில் அழுதுகொண்டு நிற்கும் மருமகன்கள் எல்லாமே அவள் பொறுப்பு. பெரும்பாலானவர்கள் அவள் கொடுக்கும் மார்ஃபினோடு தங்கள் போக்கில் போய்ச் சேர்ந்தார்கள். சிலர் மட்டும், சட்டம் கொடுத்திருக்கிற கண்ணியமான சாவைக் கேட்டார்கள். அப்போது ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு மனநல நிபுணர் என்று ஒரு குழு வந்து விசாரித்து அனுமதி கொடுக்கும். கடைசியில் மருந்துப் பையோடு மேடேறிப் போவது லிகியாதான்.

குழுவை அவள் மதித்தாள். நம்பத்தான் இல்லை. "குழு வந்தா நல்ல காபியா போட்டுக் குடுத்து, வந்தவங்க எதைக் கேட்க ஆசைப்படுறாங்களோ அதையே சொல்லி அனுப்புவான் நம்ம ஊர்க்காரன்" என்பாள். அதனால் சொந்தமாக ஒரு தந்திரம் வைத்திருந்தாள். குறித்த நாளில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவாள். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், தனக்கு ஓர் உதவி வேண்டும் என்று ஆரம்பிப்பாள். "இன்னைக்கு எனக்கு மணிக்கட்டு வலி உயிர் போகுது, இன்னொரு நாள் வரட்டுமா?" உண்மையிலேயே போக நினைப்பவர் முகம் அந்த நொடியே சுருங்கிவிடும். மரியாதையெல்லாம் மறந்து 'அப்போ வேற டாக்டரை அனுப்புங்க' என்று சீறியவர்களும் உண்டு. யாருக்காகவோ தலையாட்டி வைத்தவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். ஒரு பள்ளிக்கூட டீச்சர் அப்படித்தான் மலர்ந்தார். அதன் பிறகு பேத்தியின் ஞானஸ்நானத்தில் கேக் சாப்பிட்டுவிட்டு, வேறொரு நாள் தன் கட்டிலில் தூக்கத்திலேயே போனார். அந்த டீச்சரை நினைக்கும்போதெல்லாம் லிகியாவுக்குப் பெருமை பிடிபடாது. இந்த வேலையில் வேறு யாரும் கைதட்டப் போவதில்லை என்பதால், அதை நாமும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தோன் ஆன்சிசார் வரும்வரை அந்தத் தந்திரம் பொய்த்ததே இல்லை.

ஆன்சிசார் ஊரின் பெரிய ஷூ கடை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'தோன்' என்பது பெரியவர்களுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை அடைமொழி. அந்தக் கடையில் வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லத் தடை. கேட்ட அளவு இல்லையென்றால் வேறு மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து காலடியில் பரப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தை மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்து விட்டார்.

"கல்யாணமாகி இவ்வளவு காலமாச்சு, சூப்புல கொத்தமல்லி போட்டா இவருக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்கு இன்னும் தெரியாது, டாக்டர்" என்று அவர் மனைவி லுசெலி முதல் நாளே புகார் வாசித்தாள். "போட்டாலும் நல்லாருக்கும்பார். போடலைன்னாலும் நல்லாருக்கும்பார். மனுஷனா, சுவரா?"

"உன் கைப்பக்குவம் அப்படி" என்றார் ஆன்சிசார், ஆக்சிஜன் குழாயைச் சரி செய்தபடி.

அவருக்கு நுரையீரல் இறுகிக் கட்டையாகிக்கொண்டே போகும் நோய். குளியலறைக்குப் போய்விட்டு வருவது எரிமலை ஏறி இறங்குவதாக இருந்தது. ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடியது. மார்ஃபின் ஓரளவு கைகொடுத்தது. இந்த நிலையில்தான் மாட்ரிட்டிலிருந்து மகள் மார்லெனி வந்து இறங்கினாள். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள். மூச்சுக்குத் தவித்துச் சாகிறவர்களைக் கிட்டத்தில் பார்த்தவள். "அப்பா, நீங்க இப்படித் திணறிச் சாகணும்னு விதி இல்லை. இங்கே சட்டமே இருக்கு" என்றாள். "நீ சொன்னாச் சரிதான், கண்ணு" என்றார் அவர். அன்று மாலையே லுசெலி கட்டிலோரம் உட்கார்ந்து, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்று அழுதாள். "நீ போகாதேன்னா நான் ஏன் போறேன்?" என்றார். இருவருக்கும் சம்மதம் சொல்லியாயிற்று. பிறகு குழு வந்தது. "இவ்வளவு மேடேறி வந்தீங்களே, சிரமம் குடுத்துட்டேன்" என்று அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, கேட்ட எல்லாவற்றுக்கும் தெளிவாக ஆமாம் சொல்லி, வக்கீலின் காலணியைப் பார்த்து நல்ல தோல் என்று பாராட்டியும் அனுப்பினார். அனுமதி வந்துவிட்டது.

குறித்த செவ்வாய்க்கிழமை லிகியாவும் நர்ஸ் வெய்மாரும் போனபோது வீடு கல்யாண வீடாக இருந்தது. லுசெலியின் அண்ணன் தம்பிகள், பெரெய்ராவிலிருந்து வந்த ஒரு அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர்கள், சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய மடக்கு நாற்காலிகள். சமையலறையில் பெரிய பானையில் கோழியும் வாழைக்காயும் கொதித்துக்கொண்டிருந்தன. வழியனுப்ப வந்தவர்கள் பட்டினியாகப் போகக் கூடாதல்லவா. ஆன்சிசார் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலில் சாய்ந்திருந்தார். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்கு நாற்காலி போடு. வெய்மாருக்கு அரேப்பா ரொட்டி கொடு. அண்ணி கோப்பை காலியாக இருக்கிறது, பார்.

லிகியா எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். வெய்மார் மூலையில் நின்றான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"தோன் ஆன்சிசார், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மணிக்கட்டுல சரியான வலி. இன்னொரு நாள் வரட்டுமா?"

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்சமாக இல்லை; விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. "அதுக்கென்ன, டாக்டர். தாராளமா. இந்தக் கையோட இவ்வளவு தூரம் வந்தீங்களா? சிரமம் குடுத்துட்டேனே. லுசெலிகிட்ட ஆர்னிகா தைலம் இருக்கும், கேட்டு வாங்கித் தடவிக்குங்க."

லிகியாவுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வெளியே வந்து, "இன்னைக்கு இல்லை" என்றாள். லுசெலி ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். மார்லெனி முகம் வெளிறி நின்றாள்.

"அவரே கேட்டார். அவரே கையெழுத்துப் போட்டார். இப்போ நீங்க யார் மாத்துறதுக்கு?"

"மாத்தினது நான் இல்லைம்மா. உங்க அப்பா முகம்."

"முகத்தைப் பார்த்து வைத்தியம் பண்றீங்களா? நான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். இன்னும் எத்தனை நாள் அவரு இப்படி மூச்சுக்கு அல்லாடணும்?"

லிகியா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார் மேட்டை விட்டு இறங்கும்போது வெய்மார் வாயைத் திறந்தான். அவளோடு பல வருடம் சுற்றியவன், பயம் கிடையாது.

"டாக்டரம்மா, அந்த மனுஷன்கிட்ட நீங்க பேண்ட்டைக் கேட்டிருந்தாலும் கழட்டிக் குடுத்துட்டு, சைஸ் சரியா இருக்கான்னு கேட்டிருப்பார்."

"முகத்தைப் பார்த்தியா இல்லையா நீ?"

"பார்த்தேன். சந்தோஷப்பட்டார். ஆனா எதுக்குன்னு நீங்க கேட்கலையே."

"ஏன் கேட்கணும்? உயிரோட இருக்கிற சந்தோஷம்தான். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் லிகியா. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

அந்த வாரக் கடைசியில் லுசெலியின் போன் வந்தது. பேச்சைவிட அழுகைதான் அதிகம். லிகியாவும் வெய்மாரும் பறந்தடித்துப் போனார்கள். விருந்தாளிகளில் ஒருவர்கூடக் கிளம்பியிருக்கவில்லை. காரியம் தள்ளிப்போயிருக்கிறது, இப்போது போனால் நன்றாக இருக்காது என்று எல்லோரும் தங்கிவிட்டார்கள். கூடத்தில் மெத்தை விரித்திருந்தது. ஆன்சிசார் கட்டிலில் முன்னால் குனிந்து, உதடு நீலமாகி, கண் பிதுங்கக் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். வெய்மார் ஆக்சிஜனைக் கூட்டினான். லிகியா தோலுக்கடியில் மார்ஃபினும், பயத்தைத் தணிக்கிற மருந்தும் கொடுத்து, அவர் முதுகில் கை வைத்தபடி காத்திருந்தாள். மெதுவாகத் தோள்கள் இறங்கின. நிறம் திரும்பியது. பேச முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மணிக்கட்டு இப்போ எப்படி இருக்கு, டாக்டர்?"

 வெய்மார் மெஷினைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"என் மணிக்கட்டு நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "உங்க மனசைத் தெரிஞ்சுக்கப் பொய் சொன்னேன்."

"பரவாயில்லை, டாக்டர். ஏதாவது காரணம் இருக்கும்."

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"உங்களுக்கு நான் கோபப்பட்டாத் தேவலையா?"

லிகியா தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே லுசெலி, "நீங்க திரும்பிப் போனது எவ்வளவு நல்லதுன்னு என்கிட்ட சொன்னார்" என்றாள். மார்லெனி, "அந்தச் செவ்வாய்க்கிழமையோட எல்லாம் முடிஞ்சிருக்கும்னு என்கிட்ட சொன்னார்" என்றாள். இரண்டும் பொய்யில்லை என்பதுதான் வேதனை. இருவர் காலடியிலும் அவரவர் அளவுக்கு ஒரு ஜோடியை வைத்திருந்தார் மனிதர். அவர் மனதில் இருப்பது தெரியாமல் ஊசி போட்டால் அது கொலை. தெரியாமல் போடாமலே விட்டால், இன்றைக்குப் பார்த்த அந்தத் திணறலுக்கு அவரைக் கைவிடுவதாகும். நடுவில் நிற்க இடமில்லை.

லிகியா உட்கார்ந்து வருந்துகிற ரகமில்லை. அவளுடைய சாவி இந்தப் பூட்டுக்குச் சேரவில்லை, அவ்வளவுதானே. வேறு சாவி செய்தாக வேண்டும். இந்த மனிதர் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார், ஆகவே அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. அடுப்படியில் உருளைக்கிழங்கு உரிக்க லுசெலி போட்டிருந்த குட்டை முக்காலி கண்ணில் பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு நோயாளியின் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, அவர் பாதத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைக்கு ஒருத்தர் வந்து பத்து ஜோடி போட்டுப் பார்த்துட்டு, ஒண்ணும் வாங்காமப் போனா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?"

"வருத்தமா? எதுக்கு?" ஆன்சிசார் உண்மையாகவே வியந்தார். "போட்டுக்கிட்டு நடக்கப் போறது அவங்க காலு. வேண்டாம்னு சொல்றது கஸ்டமரோட உரிமை."

"சரி. இப்போ நீங்க கஸ்டமர். நான் கடைக்காரி. எதை வித்தாலும் எனக்கு ஒரே சம்பளம்."

அவர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "முதுகை நிமிர்த்தி உட்காருங்க. கஸ்டமர் முன்னாடி கூன் போடக் கூடாது."

லிகியா நிமிர்ந்தாள். அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

"முதல் ஜோடி. ஆஸ்பத்திரி. தொண்டையில குழாய், மெஷின்ல மூச்சு."

"வேண்டாம்." சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரெண்டாவது. வீட்டுலயே இருக்கலாம். மருந்தைக் கூட்டிக்கிட்டே வருவேன். ரொம்பத் திணறினாத் தூங்க வச்சிடுவேன். எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது."

"எப்போ தூங்குவேன், எப்போ முழிப்பேன்னு தெரியாது?"

"தெரியாது."

"இறுக்குது" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். அவர் கண்ணில் ஒரு குறும்பு வந்திருந்தது. "வேண்டாம். அடுத்ததை எடுங்க."

"மூணாவது. குழு அனுமதி குடுத்தது. முதல்ல ஆழ்ந்த தூக்கம், அப்புறம் மூச்சு நிக்கும். திணறல் இருக்காது. நாள், நேரம் நீங்க சொல்றது."

அவர் தன் பாதங்களையே பார்த்தார். மெஷின் மட்டும் புஸ் புஸ் என்றது.

"இதுதான்" என்றார். "மார்லெனி சொல்றதுக்கு முந்தியே இதைத்தான் நினைச்சிருந்தேன். அவ சொன்னது வசதியாப் போச்சு."

"அப்புறம் ஏன் செவ்வாய்க்கிழமை முகம் அப்படி மலர்ந்துச்சு? மழுப்பாதீங்க, நான் பார்த்தேன்."

"வீடு நிறைய ஆளு, டாக்டர்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு எடுத்தார். "பானை இன்னும் இறக்கலை. பெரெய்ரா அண்ணி கோப்பை காலியா இருக்கு. உலகத்துல எங்கேயாவது விருந்தாளிய உட்கார வச்சுட்டு வீட்டுக்காரன் எழுந்து போவானா?"

 ஊரின் நாடி தனக்குத் தெரியும் என்று மார்தட்டியவள் லிகியா. அவள் அப்பாவும் பிறந்தநாள் விருந்துகளில் கடைசி ஆள் கிளம்பும்வரை நாற்காலியிலேயே தூங்கி வழிவாரே தவிரப் படுக்கைக்குப் போனதில்லை. இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், சாவு வரைக்கும் நீளும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த முகம் மலர்ந்தது நிஜம்தான், விருந்து கெடாமல் தப்பித்ததே என்று. அதைப் பிழைத்துக்கிடக்கும் ஆசை என்று படித்து, ஒரு நல்ல மனிதரை நாள்கணக்கில் திணற விட்டிருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, இரண்டையும் விழுங்கினாள்.

"அப்போ விருந்தாளிங்க எல்லாரும் போனப்புறம்?"

"எல்லாரும் போனப்புறம்."

"மார்லெனி?"

அவர் போர்வை விளிம்பைத் தடவினார். "டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கா. அவ வந்தா விருந்தாளிக்குன்னு வச்சிருக்கிற நல்ல கோப்பைய வெளிய எடுப்போம். அவளும் போனப்புறம்தான். நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன்."

"மாட்டேன்" என்றாள் லிகியா.

அந்தச் சொல்லை அவர் ரசித்தார் என்றுதான் தோன்றியது. மெல்லச் சிரித்தார். பிறகு, "ரெண்டு பேரையும் கூப்பிடுங்க" என்றார்.

லுசெலி கட்டில் காலடியில் நின்றாள். மார்லெனி தலைமாட்டுக்கு வந்தாள்.

"லுசெலி, நான் போகத்தான் போறேன்."

"நான் போகாதீங்கன்னு சொன்னா?"

"சொன்னாலும்."

லுசெலி அவரை ஒரு புது மனிதரைப் பார்ப்பதைப்போலப் பார்த்தாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. துடைக்கவில்லை. "அப்போ கொத்தமல்லி?" என்றாள்.

"பிடிக்காது. என்னைக்குமே பிடிச்சதில்லை."

"பாவி மனுஷா" என்று அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"நீ பத்திரமா ஊர் போய்ச் சேரு, கண்ணு. சேர்ந்ததும் போன் பண்ணு. அதுக்கப்புறம் டாக்டரை வரச் சொல்றேன்."

மார்லெனிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் இருக்க வேண்டாமா? நான் உங்க பொண்ணு, அப்பா."

"தூரத்துலேர்ந்து வந்திருக்க. உன்னைச் சிரமப்படுத்தக் கூடாது."

"இருபது வருஷமா அங்க கண்டவங்க அப்பாக்களைக் குளிப்பாட்டிட்டு இருக்கேன். பல்லைக் கழட்டிக் கழுவிட்டு இருக்கேன். இங்க எனக்கு நல்ல கோப்பையா?" அவள் குரல் உடைந்தது. அறையை விட்டுப் போனாள்.

நேராகக் கூடத்துக்குப் போய், இந்த ஊரில் யாரும் செய்யாததைச் செய்தாள். "எல்லாரும் கிளம்புங்க" என்றாள். விருந்தாளிகள் முகத்தில் அடித்தாற்போல எழுந்தார்கள். பெரெய்ரா அண்ணி, மாட்ரிட் போய் இந்தப் பெண் மிருகமாகிவிட்டது என்று வாசல்வரை புலம்பிக்கொண்டே போனாள். மார்லெனி நாற்காலிகளை மடக்கினாள், மெத்தைகளைச் சுருட்டினாள், தண்ணீர்த் தொட்டியில் குவிந்துகிடந்த பாத்திரங்களில் கை வைத்தாள். "விடும்மா, நீ உட்காரு, நான் பார்த்துக்கிறேன்" என்று லுசெலி தடுத்தாள். அவள் கேட்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் லிகியா வரும்போதெல்லாம் மார்லெனி அப்பாவுக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தாள். முதுகைத் துடைத்தாள், கால் பிடித்தாள், விருந்தாளிக்குக் கொடுக்காத, விளிம்பு உடைந்த கோப்பை ஒன்றைத் தேடி எடுத்து அதில் தனக்கு வெல்லத் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆன்சிசார், "நன்றிம்மா, சிரமம் குடுத்துட்டேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் வாடிப்போனது. தள்ளிப்போட்ட டிக்கெட்டின் நாளும் நெருங்கியது. இனி லீவு கிடையாது என்று மாட்ரிட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்பார், டாக்டர்" என்று வாசலில் லிகியாவின் கையைப் பிடித்தாள். "அந்த நேரத்துல நான் அவர் கையைப் பிடிச்சிருக்கணும். அதுக்காகத்தான் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணினேன். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

லிகியாவுக்கு மனம் வலித்தது. "சொல்ல மாட்டேன், மார்லெனி. யார் எதைக் கேட்டாலும் அவர் குடுப்பார். இப்பதான் அவருக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வந்திருக்கு. அதை அவர்கிட்டேர்ந்து நான் பிடுங்க முடியாது."

டிக்கெட்டுக்கு முந்தைய நாள் காலை, லிகியா மருந்தின் அளவைச் சரிபார்க்க வந்திருந்தாள். லுசெலி பால் வாங்கப் போயிருந்தாள். ஆன்சிசார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மார்லெனி அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.  அவளுடைய பெட்டி கட்டித் தயாராகக் கூடத்தில் நின்றது. மேட்டின் கீழேயிருந்து குப்பை லாரியின் உறுமல் கேட்டது.

ஆன்சிசார் கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தார்.

"மார்லெனி, குப்பை வண்டி. சமையக்கட்டுல ரெண்டு பை கிடக்கு, நாறுது. எடுத்துட்டு ஓடு. போன தடவையும் கோட்டை விட்டீங்க ரெண்டு பேரும். எல்லாத்தையும் நான் சொல்லணுமா?"

மார்லெனி நகவெட்டியோடு அப்படியே நின்றாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கிற? போயிடுவான்."

அவள் ஓடினாள். சமையலறையில் ஏதோ உருண்டது, கதவு அறைந்தது. லிகியா ஜன்னலுக்குப் போனாள். செங்குத்தான தெருவில், வீட்டுச் செருப்போடு, இரண்டு கையிலும் சொட்டும் பையோடு, மார்லெனி லாரியைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தாள். 'நில்லுங்க, நில்லுங்க' என்று கத்தினாள். தெரு முழுவதும் கேட்கும்படி அழுதுகொண்டே ஓடினாள். லாரிக்காரர்கள், குப்பைக்காக இப்படி அழுகிற பெண்ணை இதுவரை பார்த்ததில்லை என்பதுபோல வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பிடிச்சிட்டாளா?" என்றார் ஆன்சிசார்.

"பிடிச்சிட்டா."

"நல்லா ஓடுவா. எங்க வீட்டுல வேற யாருக்கும் அந்தக் காலு கிடையாது." மூச்சு வாங்கினார். கண்ணைத் திறந்து லிகியாவை நேராகப் பார்த்தார். "டாக்டர், நாளைக்குக் காலையில வந்துடுங்க. வீட்டு ஆளுங்க மட்டும் இருப்போம்."

"வீட்டு ஆளுங்கன்னா யார் யாரு, தோன் ஆன்சிசார்?"

அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மார்லெனி மூச்சிரைக்கக் கதவில் வந்து நின்றாள். சட்டை முழுக்கக் குப்பைத் தண்ணீர்.

"குடுத்துட்டேன்ப்பா."

"கையைக் கழுவிட்டு வந்து இப்படி உட்காரு" என்றார் அவர். "அந்தப் பெட்டியையும் பிரிச்சு வை. நாளைக்கு நீ எங்கேயும் போகலை."

லிகியா சத்தம் வராமல் அறையை விட்டு வெளியே வந்து, மருந்து எடுத்து வைக்கச் சொல்லி வெய்மாருக்குப் போன் செய்தாள்.